கடலிலும் பன்றி, கூண்டிலும் பன்றி

டென்மார்க்கின் வடக்கே, லிம்ஃபியோர்ட் என்ற குறுகிய கடல்வழியின் கரையில் இருக்கிறது ஓல்போர்க் நகரம். அந்த நீர்ப்பரப்பில் எப்போதாவது கறுத்த முதுகு ஒன்று மேலே வந்து, மூச்சு விட்டு, மறுபடி அமிழும். கரையில் நிற்பவர்கள் "மார்ஸ்வீன்!" என்று கை நீட்டுவார்கள். அது ஒன்றரை மீட்டர் நீளமுள்ள ஒரு சிறு திமிங்கில வகை. அதே ஊரில் செல்லப்பிராணிக் கடைக்குள் நுழைந்து பாருங்கள். கூண்டுக்குள் கேரட்டைக் கொறித்துக்கொண்டிருக்கும், இரு கைக்குள் அடங்கும் கினிப்பன்றியின் பெயரும் மார்ஸ்வீன்தான். 'மார்' என்றால் கடல், 'ஸ்வீன்' என்றால் பன்றி. இரண்டுமே கடற்பன்றி. இரண்டில் ஒன்றுகூடப் பன்றி இல்லை.

டேனிஷ்காரர்கள் குழம்பிவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். அந்தச் சிறு திமிங்கிலத்துக்கு ஆங்கிலத்தில் 'போர்பஸ்' என்று பெயர். அது பழைய பிரெஞ்சு வழியாக வந்த லத்தீன் சொல், பிரித்தால் 'பன்றிமீன்'. ஹங்கேரிய மொழியில் அதன் குடும்பத்துக்கே 'டிஸ்னோடெல்ஃபின்', அதாவது பன்றி ஓங்கில் என்று பெயர். நம் தமிழ் அகராதியும் அதைக் கடற்பன்றி என்றுதான் சொல்கிறது. தோலுக்குக் கீழே கனத்த கொழுப்பு, உருண்ட உடல், மூச்சு விடும்போது ஒரு புஸ் சத்தம். உலகின் நான்கு மூலைகளில் இதைக் கண்ட மனிதர்களுக்கு ஒரே விலங்குதான் நினைவுக்கு வந்திருக்கிறது.

கினிப்பன்றியின் கதை வேறு. அது தென் அமெரிக்காவிலிருந்து கப்பலில் ஐரோப்பாவுக்கு வந்தது. கடல் கடந்து வந்ததால் கடற்பன்றி. கடற்கரையே இல்லாத ஹங்கேரியிலும் அதற்கு 'டெங்கெரிமொலட்ஸ்', கடல் பன்றிக்குட்டி என்றே பெயர் விழுந்தது.

இனி முள்ளுக்கு வருவோம். ஐரோப்பியத் தோட்டங்களில் இரவில் உலவும் முள்ளெலியை ஆங்கிலேயர் 'ஹெட்ஜ்ஹாக்', வேலிப்பன்றி என்கிறார்கள். டேனிஷில் அது 'பின்ஸ்வீன்', குச்சிப்பன்றி. ஹங்கேரியர்கள் 'ஷுன்' என்ற பெயரே போதுமானதாக இருந்தும் கூடவே பன்றியைச் சேர்த்து 'ஷுன்டிஸ்னோ' ஆக்கினார்கள். அதைவிடப் பெரிய, நீள முள் கொண்ட விலங்கு ஆங்கிலத்தில் 'போர்க்குபைன்'. லத்தீன் மூலத்தைப் பிரித்தால் முள் தனியாகவும் பன்றி தனியாகவும் வந்து நிற்கும். இதற்குத் தமிழில் என்ன பெயர்? முள்ளம்பன்றி! லத்தீனிலிருந்து நாம் வாங்கவில்லை. நம்மிடமிருந்து அவர்களும் வாங்கவில்லை. ஒருவரை ஒருவர் பாராமலே இரண்டு கூட்டத்தார் ஒரே கொல்லைப்புறத்து விலங்கை எடுத்து, அதன் முதுகில் முள்ளைச் செருகியிருக்கிறார்கள்.

இப்படியே போனால் பன்றி எங்கெல்லாம் ஒளிந்திருக்கிறது என்பது வியப்பாக இருக்கும். தென் அமெரிக்க ஆற்றங்கரைகளில் வாழும் உலகின் மிகப் பெரிய கொறிவிலங்கு கேப்பிபாரா. டேனிஷில் அது ஆற்றுப்பன்றி, ஹங்கேரியத்தில் நீர்ப்பன்றி, அறிவியல் பெயரின் கிரேக்கச் சொல்லிலும் நீர்ப்பன்றி. ஆப்பிரிக்காவில் கறையான் தின்னும் ஆர்ட்வார்க், அப்படியே மண்பன்றி. நாம் கழுதைப்புலி என்று சொல்லும் விலங்கின் பிடரிமயிர் சிலிர்த்து நிற்பதைக் கண்ட கிரேக்கர்களுக்குக் கழுதையும் நினைவுக்கு வரவில்லை, புலியும் நினைவுக்கு வரவில்லை. பன்றியின் பெயரைப் பெண்பாலாக்கி அதற்கு வைத்தார்கள். அந்தச் சொல்தான் இன்றைய ஆங்கில 'ஹைனா'. பீங்கானுக்கு ஆங்கிலத்திலும் டேனிஷிலும் ஹங்கேரியத்திலும் வழங்கும் 'போர்சலின்' என்ற சொல், இத்தாலியில் சோழிக்கு இருந்த பெயரிலிருந்து வந்தது. சோழியின் அந்தப் பெயர் இளம் பெண்பன்றியின் பெயரிலிருந்து வந்தது. பளபளப்பில் பீங்கான் சோழியை ஒத்திருந்தது, சோழி வளைவில் பன்றியை ஒத்திருந்தது.

இதற்குள் இன்னொரு ஆச்சரியம் உண்டு. முள்ளம்பன்றியும் கினிப்பன்றியும் எலி, அணில் வகையறாவைச் சேர்ந்த கொறிவிலங்குகள். பன்றிக்கும் அவற்றுக்கும் நெருங்கிய உறவு கிடையாது. ஆனால் திமிங்கிலங்கள் இரட்டைக் குளம்புள்ள நில விலங்குகளின் வழியில் வந்தவை என்பது இன்று புதைபடிவங்களாலும் மரபணுக்களாலும் உறுதியாகியிருக்கிறது. அவற்றுக்கு மிக நெருங்கிய உறவு நீர்யானை. பன்றியும் அதே பெருங்குடும்பம்தான். ஆகவே லிம்ஃபியோர்டில் முதுகு காட்டும் மார்ஸ்வீனுக்குப் பன்றி உண்மையிலேயே தூரத்து உறவுக்காரர். மீனவர் கண்ணால் கண்டு வைத்த பெயர், அறிவியல் கண்டுபிடிப்பதற்குப் பல நூற்றாண்டு முன்பே ஏறத்தாழச் சரியாக விழுந்திருக்கிறது.

சரி, உண்மையான பன்றிக்கு என்ன பெயர்? இதற்கு டென்மார்க்கில் ஒரே விடை கிடையாது. அந்நாட்டின் பரப்பு தமிழ்நாட்டில் மூன்றில் ஒரு பங்கு. மக்கள் ஏறத்தாழ 60 லட்சம். பன்றிகளோ ஒரு கோடிக்கு மேல். நான்கு பேர் உள்ள வீட்டுக்கு ஏழெட்டுப் பன்றிகள் என்று கணக்கு வரும். ஓல்போர்க்கைச் சுற்றியுள்ள வட யூட்லாந்தும் இந்தப் பண்ணைகள் நிறைந்த பகுதிதான்.

இந்த விலங்கு வளரும் வேகம் மலைக்க வைப்பது. சினைக்காலம் 3 மாதம், 3 வாரம், 3 நாள். பிறக்கும்போது குட்டியின் எடை ஏறத்தாழ ஒன்றேகால் கிலோ. ஆறு மாதத்துக்குள் 110 கிலோ. நம் வீட்டில் 3 கிலோ எடையோடு பிறந்த குழந்தை இதே வேகத்தில் வளர்ந்தால், ஆறாம் மாதம் முதல் சோறு ஊட்டும் நாளில் 260 கிலோவுக்கு மேல் இருக்கும். இத்தனை வேகமாக மாறும் விலங்குக்கு ஒரே பெயர் எப்படிப் போதும்? தீவனம் மாறுகிறது, கொட்டில் மாறுகிறது, விலை மாறுகிறது. ஒவ்வொரு மாற்றத்திலும் ஒரு சொல் தேவைப்படுகிறது.

டேனிஷ் பண்ணையாளர் தாயிடம் பால் குடிக்கும் குட்டியைப் 'பாத்தகிரீஸ்' என்பார். நேராகப் பொருள் சொன்னால் காம்புப்பன்றி. ஹங்கேரியப் பண்ணையாளரும் அதே இடத்தில் 'சோபோஷ் மொலட்ஸ்', பால்குடிக்குட்டி என்பார். பால் மறந்ததும் டேனிஷில் 'ஸ்மோகிரீஸ்', சிறுபன்றி. ஹங்கேரியத்தில் சற்று வளர்ந்தது 'ஷுல்டோ', கொழுக்க விட்டது 'ஹீஸோ'. ஆண் பன்றி டேனிஷில் 'ஓர்ன', ஆங்கிலத்தில் 'போர்', ஹங்கேரியத்தில் 'கன்'. காயடித்த ஆண் முறையே 'கால்ட்', 'பாரோ', 'ஆர்டாஞ்'. ஈன்ற பெண் பன்றி 'ஸோ', 'ஸௌ', 'கோட்ஸா'.

இன்னும் ஈனாத பெண் பன்றி இருக்கிறதே, அதற்கு மூன்று மொழியிலும் தனிச் சொல். ஆங்கிலத்தில் 'கில்ட்'. ஹங்கேரியத்தில் 'கோட்ஸாஷுல்டோ'. டேனிஷ் இன்னும் ஒரு படி நுணுக்கமாகப் போகிறது: சினைப்படும் வரை 'போல்ட்', முதல் சினை பிடித்ததிலிருந்து ஈனும் வரை 'க்யுல்ட்'. எதற்கு இவ்வளவு என்று தோன்றினால், மாடு வளர்க்கும் வீட்டில் கேட்டுப் பாருங்கள். கன்று, கிடேரி, பசு என்று நாம் பிரிக்கவில்லையா? கிடேரி என்று ஒரு சொல்லைச் சொன்னால் போதும்: பெண், பருவத்தை எட்டுகிறது, இன்னும் ஈனவில்லை, இனிமேல்தான் பால் வரும் என்ற நான்கு செய்தியும் எதிரில் இருப்பவருக்குப் போய்ச் சேர்ந்துவிடும். காளைக்கும் எருதுக்கும் உள்ள வேறுபாடும் அப்படித்தான். நாம் மாட்டில் நுணுகிப் பார்த்த இடத்தில் டேனியர்கள் பன்றியில் நுணுகிப் பார்த்தார்கள்.

இந்தச் சொற்களில் எனக்கு மிகவும் பிடித்தது 'ஆமஸோ'. ஒரு தாய்ப்பன்றிக்குப் பால்காம்புகள் 14 அளவில் இருக்கும். பிறந்த சில நாட்களிலேயே ஒவ்வொரு குட்டியும் தனக்கென ஒரு காம்பைப் பிடித்துவைத்துக்கொள்ளும். அடுத்த வேளையும் அதே காம்புக்குத்தான் வரும். டேனிஷ் இனப்பெருக்கம் ஈத்துக்கு ஈத்து குட்டிகளைக் கூட்டிக்கொண்டே போனதில், காம்புகளைவிடக் குட்டிகள் அதிகமாகிவிட்டன. மிஞ்சிய குட்டிகளை எங்கே விடுவது? தன் குட்டிகளைப் பால்மறக்கச் செய்த இன்னொரு பெண் பன்றியிடம் விடுகிறார்கள். அந்த வளர்ப்புத்தாய்தான் ஆமஸோ, செவிலிப்பன்றி. ஒரு நாட்டின் வேளாண் வரலாறு முழுதும் இந்த மூன்றெழுத்துச் சொல்லின் வயிற்றில் இருக்கிறது. அந்த வரலாற்றில் குட்டிகளின் நலனைப் பற்றிய கடுமையான கேள்வியும் உண்டு. டென்மார்க்கில் அது இன்றும் விவாதிக்கப்படுகிறது.

ஆங்கில 'கில்ட்', டேனிஷ் 'க்யுல்ட்' இரண்டும் ஒரே மாதிரி ஒலிப்பது தற்செயல் இல்லை. ஓல்போர்க்குக்கு எதிரே, லிம்ஃபியோர்டின் வடகரைக் குன்றில் லின்ட்ஹோல்ம் ஹொய் என்ற இடுகாடு இருக்கிறது. 1952 முதல் 1958 வரை அங்கே அகழ்ந்து ஏறத்தாழ 700 கல்லறைகளைக் கண்டார்கள். அவற்றில் பல, கற்களைக் கப்பல் வடிவில் நட்டுவைத்த வைகிங் கால நினைவிடங்கள். லிம்ஃபியோர்ட் அந்நாளில் கப்பற்படைகள் திரளும் இடம். 1085இல் இங்கிலாந்தைத் தாக்க நான்காம் கனூட் மன்னர் தம் படையை இந்த நீரில்தான் திரட்டினார். அந்தப் படை புறப்படவே இல்லை. ஆனால் அதற்கு முன்பே எத்தனையோ கப்பல்கள் இங்கிலாந்துக்குப் போய்ச் சேர்ந்திருந்தன. வாளோடு போனவர்கள் அங்கேயே தங்கி உழுதார்கள், பன்றி வளர்த்தார்கள். 'க்யுல்ட்டர்' என்ற அவர்களுடைய சொல் இங்கிலாந்தில் கில்ட் ஆனது. இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்தில் கிரைஸ்டேல் என்றொரு பள்ளத்தாக்கு உண்டு. பழைய நார்ஸ் மொழியில் 'கிரீஸ்' பன்றிக்குட்டி, 'டால்' பள்ளத்தாக்கு. பன்றி மேய்த்தவர்கள் மறைந்து ஆயிரம் ஆண்டு ஆனாலும் பெயர்ப்பலகையில் பன்றி மேய்ந்துகொண்டுதான் இருக்கிறது.

இன்றைய டேனிஷில் 'கிரீஸ்', 'ஸ்வீன்' என்று இரண்டு பொதுச்சொற்கள். குழந்தைக் கதையில் வருவது கிரீஸ். புள்ளிவிவரத்திலும் வசவிலும் வருவது ஸ்வீன். ஹங்கேரியத்தில் 'டிஸ்னோ' பேச்சுவழக்கு, திட்டுவதற்கும் அதுவே. அரசாணையிலும் கசாப்புக்கடை விலைப்பட்டியலிலும் 'ஷெர்டேஷ்' வரும். அதற்குப் பொருள் 'முரட்டு மயிர் உடையது'. வீட்டுக்கு ஒரு சொல், அலுவலகத்துக்கு ஒரு சொல் என்ற இந்த ஏற்பாடு நமக்கும் புதிதல்ல. பேச்சில் 'பன்னி' என்பவர் கடன் விண்ணப்பத்தில் 'வெண்பன்றி வளர்ப்பு' என்று எழுதுவார்.

ஆங்கிலத்தில் இந்தப் பிளவு இன்னும் புகழ்பெற்றது. தொழுவத்தில் 'பிக்', தட்டில் 'போர்க்'. 1066இல் இங்கிலாந்தைப் பிடித்த நார்மன்கள் பிரெஞ்சு பேசினார்கள். உண்டவர்களின் சொல் இறைச்சிக்கும் வளர்த்தவர்களின் சொல் விலங்குக்கும் தங்கிவிட்டது. வால்டர் ஸ்காட் 1819இல் வெளியிட்ட 'ஐவன்ஹோ' நாவல் இந்தச் செய்தியைப் பரப்பியது. பலர் அறியாத தொடர்ச்சி ஒன்று உண்டு. பன்றி ஈனுவதை ஆங்கிலப் பண்ணையாளர் 'ஃபாரோ' என்பார். அதுவும் 'போர்க்'கும் ஒரே மூலத்தின் இரு கிளைகள். ஒன்று லத்தீன் வழியே சமையலறைக்கு வந்தது. இன்னொன்று ஜெர்மானிய வழியே, 'ப' ஒலி 'ஃப' ஆகி, கொட்டிலிலேயே இருந்துவிட்டது.

மொழியியலாளர் இப்படி ஒரே மூலத்திலிருந்து பிரிந்தவற்றை இனச்சொற்கள் என்பார்கள். டேனிஷ் 'ஸோ', ஆங்கில 'ஸௌ', லத்தீன் 'ஸூஸ்' மூன்றும் இனச்சொற்கள். இந்த வரிசையில் நான்காவதாகச் சமஸ்கிருத 'சூகர' வந்து நிற்கிறது. அதைத்தான் தமிழ் கடன்வாங்கிச் 'சூகரம்' என்று நிகண்டில் ஏற்றியது. ஆக, ஓல்போர்க் பண்ணையில் ஈன்று கிடக்கும் ஸோவும் நம் பழைய நூல்களில் வரும் சூகரமும் சொல்லளவில் ஒரே வீட்டுப் பிள்ளைகள்.

ஹங்கேரிய மொழி இந்த வீட்டைச் சேர்ந்ததே இல்லை. அது யுராலிய மொழிக்குடும்பம். ஃபின்லாந்து மொழிக்குத் தூரத்துச் சொந்தம். அதன் பன்றிச் சொற்களை மண்ணடுக்குபோலத் தோண்டிப் பார்க்கலாம். அடியில் 'டிஸ்னோ': ஹங்கேரியர்கள் இன்றைய நாட்டுக்கு வருவதற்கு முன், கிழக்குப் புல்வெளிகளில் துருக்கிய மக்களோடு பழகியபோது வாங்கியது. 9ஆம் நூற்றாண்டின் இறுதியில் கார்பாத்தியச் சமவெளியில் குடியேறியபின், அக்கம்பக்கத்து ஸ்லாவிய உழவர்களிடமிருந்து குட்டிக்கு 'மொலட்ஸ்' வந்தது. உப்பிட்ட கொழுப்புக்கு 'ஸலொன்னா' வந்தது. பிறகு ஜெர்மன் பேசுபவர்களிடமிருந்து பதப்படுத்திய தொடைக்கறிக்கு 'ஷோன்கா'. ஒரு மக்கள் கூட்டம் யாரோடெல்லாம் பக்கத்து வீட்டில் வாழ்ந்தது என்பதற்கு, எழுதி வைக்காத நாட்குறிப்பு இந்தச் சொற்கள்.

இனித் தமிழ். தொல்காப்பியத்தின் மரபியல், எந்த விலங்குக்கு எந்தப் பெயர் பொருந்தும் என்று வகுத்துச் சொல்கிறது. பன்றியின் இளமைக்குக் குருளை, குட்டி, பறழ். ஆணுக்குக் களிறு, ஏறு, ஒருத்தல். பெண்ணுக்குப் பிணவு, பிணவல், பாட்டி. களிறு என்றதும் நமக்கு யானை நினைவுக்கு வருகிறது. ஆண் பன்றியையும் அப்படி அழைக்கத் தடையில்லை என்கிறது இலக்கணம். காட்டில் தந்தம் நீட்டி எதிரே நிற்கும் ஆண் பன்றியைப் பார்த்தவருக்கு அதன் நியாயம் புரியும். பொதுப்பெயராகக் கேழல், ஏனம் வேறு.

எவ்வளவு செழிப்பு! ஆனால் இந்தப் பட்டியலைப் பண்ணைக்காரர் கண்ணோடு மறுபடி பாருங்கள். காயடித்த ஆணுக்குச் சொல் இல்லை. ஈனாத பெண்ணுக்குத் தனிச்சொல் இல்லை. பால் மறந்த குட்டிக்கும் இல்லை. ஏனென்றால் இவை கொட்டிலில் நின்று பார்த்தவர் வைத்த பெயர்கள் அல்ல. தினைப்புனத்துப் பரண்மேல் காவலிருந்தவரும் வில்லோடு பின்தொடர்ந்தவரும் பார்த்த பன்றி இது. ஆணா, பெண்ணா, குட்டியோடு வருகிறதா என்பதே அவர் உயிருக்குத் தேவைப்பட்ட செய்தி. டேனிஷ் வளர்ப்பவரின் மொழி, போர்க் உண்பவரின் மொழி, தொல்காப்பியப் பட்டியல் காட்டோரத்து மனிதரின் மொழி. விலங்கு ஒன்றே, நின்று பார்த்த இடங்கள் வேறு.

காசிலும் இந்த விலங்கு நம்மையும் டேனியரையும் சேர்த்து வைத்திருக்கிறது. டென்மார்க்கில் குழந்தை சில்லறை சேர்ப்பது 'ஸ்பாரகிரீஸ்', சேமிப்புப் பன்றியில். ஹங்கேரியிலும் பன்றிக்குட்டி உண்டியல்தான். அதிர்ஷ்டக்காரரை டேனிஷில் 'அதிர்ஷ்டப் பன்றி' என்பார்கள். ஹங்கேரியத்தில் 'அவருக்குப் பன்றிக்குட்டி இருக்கிறது' என்பார்கள். நம்மிடமோ பன்றி உண்டியலாக இல்லாமல் காசாகவே இருந்தது. வராக முத்திரை பதித்த பொற்காசு வராகன். முத்திரை மாறிய பிறகும் பெயர் மாறவில்லை. 1620 முதல் 1845 வரை தரங்கம்பாடியை வைத்திருந்த டேனியர்கள் அங்கே பொன் வராகனும் அச்சிட்டார்கள்.

தமிழ்நாட்டில் இன்று வெண்பன்றிப் பண்ணைகள் பல ஊர்களில் நடக்கின்றன. காட்டுப்பாக்கத்தில் கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் பன்றி ஆராய்ச்சியே நடத்துகிறது. அங்கே வேலை செய்பவர்களும், தலைமுறையாகப் பன்றி மேய்த்த குடும்பங்களும், முதல் ஈத்துப் பெண்ணுக்கும் காம்பு கிடைக்காத குட்டிக்கும் என்ன சொல் சொல்கிறார்கள்? இந்தத் தொழிலைத் தாழ்வாகப் பார்த்த நம் சமூகம் அதன் சொற்களையும் காதுகொடுத்துக் கேட்கவில்லை. உங்கள் ஊரில் பன்றி வளர்ப்பவர் இருந்தால் ஒரு மாலை போய் அவரோடு உட்காருங்கள். அவர் சொல்லும் பெயர்களை அவர் சொல்லும்படியே எழுதி வாங்கி வையுங்கள்.